அந்த முதலீட்டுக் கோப்பை மார்ச் 31க்கு முன் திறந்து பாருங்கள்
வடசென்னைத் தனியார் கம்பெனிகளின் இயக்குநர்களுக்கும் கணக்குத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

மண்ணடியில் இரும்பு, காசிமேட்டில் மீன் ஏற்றுமதி, திருவொற்றியூரில் இன்ஜினியரிங் பட்டறை, மாதவரத்தில் லாரி, மணலியில் ரசாயனம் என்று உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கத்தில் ‘நடப்பல்லாத முதலீடுகள்’, அதாவது ஓராண்டுக்குள் பணமாக்கப் போவதில்லாத முதலீடுகள், என்று ஒரு வரி இருக்கும். சரக்கு இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் மாதாமாதம் பார்க்கிறீர்கள். இந்த வரியை மட்டும் யாரும் திறப்பதில்லை. போன ஆண்டுத் தொகை அப்படியே இந்த ஆண்டுக்கும் வந்துவிடுகிறது. அதன் பின்னால் உள்ள ஒப்பந்தம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூடப் பல இடங்களில் தெரிவதில்லை.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவதும் தணிக்கை செய்வதும்தான் எங்கள் தொழில். நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிற கம்பெனிகளில் நீங்கள் வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்கை, சதவீதத்தை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். அந்தப் பங்கு உங்களுக்கு என்ன அதிகாரம் தருகிறது, போட்ட பணம் எந்த வழியில் திரும்பி வரும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் படித்த பிறகு எழுதுங்கள். எந்தக் கணக்கு முறை என்பது அந்த இரண்டு விடைகளிலிருந்துதான் வரும்.

முதலில் மின்சாரப் பங்கை எடுத்துக்கொள்வோம். இன்று உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகள் பலவும் ஏதாவது ஒரு காற்றாலைக் கம்பெனியிலோ சூரிய மின் கம்பெனியிலோ பங்கு வாங்கியிருக்கின்றன. காரணம் 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3ஆவது விதி. ஒரு மின் நிலையம் ‘கேப்டிவ்’, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கானது, என்று கருதப்பட வேண்டுமானால், அதன் மின்சாரத்தைப் பயன்படுத்துபவர்கள் வாக்குரிமையுள்ள பங்கில் குறைந்தது 26 சதவீதத்தை வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்தவும் வேண்டும். அப்படி இருந்தால், வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குபவர்களிடம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இல்லை. ஆகவே ஜவுளி ஆலையும் வார்ப்பாலையும் குளிர்பதனக் கிடங்கும் சேர்ந்து அந்த 26 சதவீதத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இந்த ஒப்பந்தங்களின் வழக்கமான அமைப்பைக் கவனியுங்கள். பங்கை முகமதிப்பில், அதாவது 10 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மின் விநியோக ஒப்பந்தம் முடியும்போது புரமோட்டர் (மின் கம்பெனியைத் தொடங்கி நடத்துபவர்) அதே 10 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். பல ஒப்பந்தங்களில் ஈவுத்தொகை கிடையாது. இருந்தாலும் பெயரளவுக்கு மிகச் சிறிய வீதம். உங்களுக்கு வரும் பலன் முழுவதும் யூனிட் விலையில் கிடைக்கும் குறைவுதான். சட்டத்தின் கண்ணில் அது பங்கு. பணத்தின் போக்கைப் பார்த்தால் அது வட்டியில்லா வைப்புத்தொகை.

கம்பெனி சட்டத்தின் வழக்கமான கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் கம்பெனியாக இருந்தால், இது முதலீடுகளுக்கான கணக்கியல் தரமான ஏஎஸ் 13இன்படி நீண்டகால முதலீடு. வாங்கிய விலையில் எழுத வேண்டும். நிரந்தரமான மதிப்புக் குறைவு ஏற்பட்டால் மட்டும் குறைக்க வேண்டும். இங்கேதான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஈவுத்தொகையே வரவில்லை, ஆகவே மதிப்பில்லை என்று சிலர் முழுத் தொகையையும் செலவில் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர், மின் கம்பெனியின் நிகர மதிப்பு எதிர்மறைக்குப் போன பிறகும், ‘முகமதிப்பில் திரும்ப வரும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. திரும்ப வாங்கும் கடமை யாருடையது? மின் கம்பெனியுடையதா, புரமோட்டருடையதா? அந்தக் கடமை உள்ளவரிடம் அதற்கான பணம் இருக்குமா? புரமோட்டரின் கடைசித் தணிக்கை அறிக்கையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மதிப்புக் குறைவு இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதுதான் ஆதாரம்.

இண்ட் ஏஎஸ் என்ற, பெரிய கம்பெனிகளுக்கான புதிய கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் கம்பெனிக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும். ரூ. 40 லட்சத்துக்குப் பங்கு. 15 ஆண்டு கழித்து அதே 40 லட்சம் திரும்ப வரும். இடையில் ஈவுத்தொகை எதுவும் இல்லை. சந்தை வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு கழித்து வரும் 40 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 10.98 லட்சம்தான். அதுவே நிதிச் சொத்தாகப் பதிவாகும். மீதி 29.02 லட்சம், மலிவான மின்சாரத்துக்காக முன்கூட்டியே கொடுத்த தொகை. அதை 15 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.93 லட்சம் மின்கட்டணச் செலவில் சேரும். நிதிச் சொத்தின் மீது முதல் ஆண்டில் சுமார் 99 ஆயிரம் ரூபாய் வட்டி வருமானமாக வரும். ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டே போய் 15ஆம் ஆண்டு முடிவில் சொத்து 40 லட்சத்தைத் தொடும். சரக்கின் அடக்க விலையில் மின்சாரச் செலவைச் சேர்க்கும் தொழிற்சாலைக்கு இது வெறும் காகித வேலையாக நிற்காது. யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்கள் போர்டு கூட்டத்தில் சொல்லும் எண்ணே இதனால் மாறும்.

ஒப்பந்தம் முடிய 12 மாதத்துக்குள் இருந்தால் அந்தப் பங்கு நடப்பு முதலீட்டுக்கு மாற வேண்டும். மாற்றும் தேதியில் வாங்கிய விலை, ஏட்டு மதிப்பு இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில் மாற்ற வேண்டும். ஆலையின் ஒரு பகுதியை மூடியதால் மின் நுகர்வு குறைந்துவிட்டது, அதனால் புரமோட்டர் பங்கின் ஒரு பகுதியை வேறொரு பயனாளருக்கு மாற்றச் சொல்கிறார் என்றால், அதுவும் விற்பனைதான். பகுதி விற்பனைக்குச் சராசரி ஏட்டு மதிப்பே அடிப்படை. ‘முதலில் வாங்கியது முதலில் போனது’ என்று இங்கே எழுதக் கூடாது.

அடுத்தது 20 சதவீதக் கோடு. கம்பெனி சட்டம் 2013இன் 2ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு ‘அசோசியேட் கம்பெனி’ என்றால் என்ன என்று சொல்கிறது: உங்களுக்குக் குறிப்பிடத்தக்க செல்வாக்கு உள்ள, ஆனால் உங்கள் துணை நிறுவனம் அல்லாத கம்பெனி. மொத்த வாக்கில் குறைந்தது 20 சதவீதம், அல்லது ஒப்பந்தத்தின் மூலம் தொழில் முடிவுகளில் கட்டுப்பாடோ பங்கேற்போ இருந்தால் அது குறிப்பிடத்தக்க செல்வாக்கு. 2018 மே மாதத்துக்கு முன்பு பங்கு மூலதனத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது வாக்கை வைத்து. வாக்கில்லாத முன்னுரிமைப் பங்கைச் சேர்த்து 20 சதவீதம் தாண்டுகிறது என்று சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சில கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எறியுங்கள்.

‘அல்லது’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும் பகுதியைத்தான் நம்மவர்கள் படிப்பதில்லை. 15 சதவீதமே வைத்திருந்தாலும் இயக்குநர் குழுவில் இடம், கொள்கை முடிவுகளில் குரல், இரு கம்பெனிகளுக்கும் இடையே பெரிய வியாபாரம், அதிகாரிகள் பரிமாற்றம், முக்கியத் தொழில்நுட்பத்தை அளித்தல் என்று இருந்தால் செல்வாக்கு இருக்கிறது என்றே பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியத்தில் இந்தியன் ஆயில் 51.89 சதவீதம் வைத்திருக்கிறது. நாஃப்டிரான் நிறுவனத்தின் பங்கு 15.40 சதவீதம்; ஆனால் அதன் பிரதிநிதிகள் இயக்குநர் குழுவில் இருந்து வந்திருக்கிறார்கள். 20க்குக் கீழே இருப்பதால் மட்டும் இப்படிப்பட்ட பங்கை ஒதுக்கிவிட முடியாது. எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்தையும் பாருங்கள். 2020 மார்ச் வரை மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்திடமும் மீதி மத்திய அரசிடமும் இருந்தன. பிறகு சென்னைத் துறைமுகம் மீதியையும் வாங்கிக்கொண்டது. இன்னொருவர் கையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது என்பதாலேயே மூன்றில் ஒரு பங்குக்காரருக்குச் செல்வாக்கு இல்லை என்று ஆகிவிடாது. ‘பெரும்பான்மை அவரிடம், நமக்கென்ன’ என்று சொல்லும் இயக்குநர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி பாதி வைத்திருப்பது இன்னொரு வகை. மணலியிலேயே இண்டியன் அடிட்டிவ்ஸ் கம்பெனியில் சென்னை பெட்ரோலியத்துக்குப் பாதி, செவ்ரான் ஒரோனைட்டுக்குப் பாதி. வல்லூர் அனல் மின் நிலையத்தை நடத்தும் கம்பெனியும்கூட, என்டிபிசியும் தமிழ்நாடு மின் வாரியமும் சரி பாதியாகத் தொடங்கியதுதான். இதைப் போன்ற கூட்டு நிறுவனத்தை இண்ட் ஏஎஸ் பின்பற்றுபவர் ஈக்விட்டி முறையில், அதாவது வாங்கிய விலையோடு அதன் லாப நட்டத்தில் தன் பங்கைக் கூட்டிக் கழித்து, ஒரே வரியாகக் காட்டுவார். பழைய தரத்தில், ஏஎஸ் 27இன்படி, ஒவ்வொரு சொத்திலும் கடனிலும் தன் விகிதத்தைச் சேர்த்துக் காட்டுவார். அதே 50 சதவீதம், இரண்டு தோற்றம். வங்கிக்காரர் உங்களை வேறொரு கம்பெனியோடு ஒப்பிட்டுக் கடன் விகிதம் பேசும்போது, இரண்டும் ஒரே தரத்தில் எழுதப்பட்டவையா என்று முதலில் கேளுங்கள்.

அசோசியேட் என்று முடிவானால் என்ன செய்ய வேண்டும்? உங்கள் கம்பெனியின் தனிக் கணக்கில் எதுவும் மாறாது. வாங்கிய விலையே நிற்கும், ஈவுத்தொகை வருமானமாக வரும். துணை நிறுவனம் எதுவும் இல்லை, ஒரே ஒரு அசோசியேட் மட்டும்தான் என்றாலும் 129ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவின்படி, அதன் லாப நட்டத்தில் உங்கள் பங்கையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்க வேண்டும். ‘துணை நிறுவனம் இருந்தால்தானே ஒருங்கிணைப்பு’ என்ற எண்ணம் 2014க்கு முந்தையது. அதை நம்பி இன்னும் ஒருங்கிணைக்காமல் இருக்கும் கம்பெனிகளுக்குத்தான் இந்த மடலின் இந்தப் பத்தி.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். ஒரு குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியில் 26 சதவீதத்தை ரூ. 1.30 கோடிக்கு வாங்குகிறீர்கள். வாங்கிய நாளில் அதன் நிகரச் சொத்து ரூ. 4 கோடி, அதில் உங்கள் பங்கு 1.04 கோடி. கூடுதலாகக் கொடுத்த 26 லட்சம் நற்பெயர் மதிப்பு. இது தனி வரியாக வராது. முதலீட்டுத் தொகைக்குள்ளேயே இருக்கும், குறிப்பில் மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கிடங்கின் லாபம் 60 லட்சம். உங்கள் பங்கு 15.60 லட்சம். அறிவித்த ஈவுத்தொகை 20 லட்சம், உங்களுக்கு 5.20 லட்சம். ஒருங்கிணைந்த கணக்கில் முதலீடு 130 கூட்டல் 15.60 கழித்தல் 5.20, ஆக 140.40 லட்சம். ஈவுத்தொகையை இங்கே வருமானமாகவும் எழுதிவிட்டால் அதே லாபம் இரண்டு முறை வந்துவிடும். நாங்கள் மிக அதிகமாகத் திருத்தும் தவறு இதுதான். இனி, அதே கம்பெனி உங்களுக்கு விற்ற சரக்கில் 10 லட்சம் லாபம் அடங்கிய பகுதி மார்ச் 31 அன்று உங்கள் கிடங்கில் விற்காமல் இருந்தால், அதில் உங்கள் பங்கான 2.60 லட்சத்தை நீக்க வேண்டும். முதலீடு 137.80 லட்சமாகும். தனிக் கணக்கிலோ அது இன்னும் 130தான்.

நட்டம் வந்தாலும் இதே வழிதான், ஒரு எல்லை வரை. முதலீடு பூஜ்யத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியின் வங்கிக் கடனுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பு தொடரும். எழுதாமல் விட்ட நட்டத்தை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுவாரியாக வைத்திருங்கள். பிறகு லாபம் வந்தால் முதலில் அந்தப் பாக்கியை ஈடுகட்டிய பிறகே லாபத்தைச் சேர்க்க முடியும். அந்தக் குறிப்பேடு இல்லாத கம்பெனியில் ஆடிட்டர் மாறியதும் முதல் லாப ஆண்டிலேயே முதலீட்டுத் தொகை தவறிவிடுகிறது.

மின்சாரப் பங்குக்குத் திரும்புவோம். ஒரே பயனாளராக 26 சதவீதத்தையும் நீங்களே வைத்திருந்தால்? சட்டத்தின் வரையறைப்படி வாக்கு 20ஐத் தாண்டிவிட்டது. அசோசியேட் பற்றிய கணக்கியல் தரமான ஏஎஸ் 23இல் அது ஓர் ஊகம்தான். செல்வாக்கு இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டினால் மறுக்கலாம். இயக்குநர் குழுவில் இடமில்லை, ஒப்பந்தத்தின்படி லாபத்தில் உரிமையில்லை, வெளியேறும் விலை முன்பே முடிவாகிவிட்டது என்றால் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எதையும் எழுதாமல் சும்மா விட்டுவிடுவது சரியல்ல. எங்கள் கருத்தில், துணை, அசோசியேட் கம்பெனிகளின் விவரம் காட்டும் ஏஓசி-1 படிவத்தின் இரண்டாம் பகுதியில் அந்தக் கம்பெனியைக் காட்டிவிட வேண்டும். அதில் செல்வாக்கு எப்படி ஏற்படுகிறது என்பதற்கு ஒரு கட்டமும், ஏன் ஒருங்கிணைக்கவில்லை என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. காரணத்தை அங்கே எழுதி, அதற்கான போர்டு குறிப்பை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஒரு முறை எழுதியதை ஐந்து ஆண்டு நகல் எடுப்பது போதாது. இடையில் ஒப்பந்தம் திருத்தப்பட்டிருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, சிறிய கம்பெனிகளுக்கு. நிகர மதிப்பு ரூ. 250 கோடியைத் தொட்ட கம்பெனிகளும் பங்குச் சந்தையில் (எஸ்எம்இ பிரிவு நீங்கலாக) பட்டியலிட்ட கம்பெனிகளும் இண்ட் ஏஎஸ் பின்பற்றுகின்றன. அவற்றின் துணை, கூட்டு, அசோசியேட் கம்பெனிகளும் அதையே பின்பற்றியாக வேண்டும். ஒரு பெரிய கம்பெனி உங்களிடம் 20 சதவீதப் பங்கு எடுத்தால், உங்கள் விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உங்கள் கணக்கு முறையே மாறும். குத்தகை, வைப்புத்தொகை, முன்னுரிமைப் பங்கு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். முந்தைய ஆண்டின் எண்களையும் அதே முறையில் மாற்றிக் காட்ட வேண்டும். பேச்சுவார்த்தை மேசையிலேயே இந்தச் செலவையும் பேசுங்கள். கையெழுத்தான பிறகு சொல்ல வருகிறவர்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

பதிவில் வரும் சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். பங்கு வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வையும் தரகும் வாங்கிய விலையில் சேரும். வங்கிச் செலவிலோ அலுவலகச் செலவிலோ போகக் கூடாது. பங்கு மாற்றத்துக்கு 0.015 சதவீதம், புதிய வெளியீட்டுக்கு 0.005 சதவீதம் என்று 2020 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை இருப்பதால் தொகை சிறியதுதான். ஆனாலும் அதன் இடம் அதுதான். போனஸ் பங்கு வந்தால் தொகையில் பதிவு இல்லை. எண்ணிக்கை மட்டும் கூடும், ஒரு பங்கின் அடக்க விலை குறையும். எண்ணிக்கையை ஏற்றாமல் விட்டால் பகுதி விற்பனையில் லாபம் தவறாக வரும். ஈவுத்தொகை பொதுக்கூட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிறகே வருமானம். மார்ச் 31 அன்று வெறும் பரிந்துரையாக இருந்ததைச் சேர்க்கக் கூடாது. பங்கு வாங்கிய தேதிக்கு முந்தைய லாபத்திலிருந்து வந்த ஈவுத்தொகை வருமானமே அல்ல. அது முதலீட்டின் விலையைக் குறைக்க வேண்டும். பிடித்தம் செய்த வரி போக வங்கியில் விழுந்த தொகையை மட்டும் எழுதுவதும் தவறு. முழுத் தொகையும் வருமானம். பிடித்த வரி வர வேண்டிய கணக்கில்.

மதிப்புக் குறைவை ஒவ்வொரு முதலீட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் பங்கு ஏறியிருக்கிறது, இன்னொன்று விழுந்திருக்கிறது, மொத்தத்தில் சமமாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க ஏஎஸ் 13 இடம் தரவில்லை. முதலீடு செய்த கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கிறதா, பதிவாளர் அதன் பெயரை நீக்கிவிட்டாரா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெயர் நீக்கப்பட்ட கம்பெனியோடு உள்ள பாக்கியையும் முதலீட்டையும் தனியாகக் காட்ட வேண்டும் என்று 2021இல் திருத்தப்பட்ட, கம்பெனி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கிறது. நிலைமை உண்மையிலேயே தேறினால் குறைத்ததைத் திரும்ப ஏற்றவும் தரம் அனுமதிக்கிறது. ஆகவே குறைக்கப் பயப்பட வேண்டாம்.

பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. குடும்பக் கம்பெனிகளில் பணம் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து போகும். பங்குச் சான்றிதழ் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். 187ஆவது பிரிவின்படி கம்பெனியின் முதலீடு கம்பெனியின் பெயரிலேயே இருக்க வேண்டும். சட்டம் அனுமதித்த சில விதிவிலக்குகளில் மட்டும் வேறு பெயரில் இருக்கலாம், அதற்கும் எம்பிபி-3 பதிவேடு உண்டு. வேறு பெயரில் இருப்பதை ‘முதலீடு’ என்று நாங்கள் எப்படிச் சான்றளிப்பது? அது அந்த நபரிடமிருந்து வர வேண்டிய பணமாகிவிடும். அவர் இயக்குநராக இருந்தால், இயக்குநருக்குக் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் 185ஆவது பிரிவு குறுக்கே வரும். குடும்பத்தில் பாகப்பிரிவினை வரும்போது இது வழக்காகவே மாறுகிறது.

விண்ணப்பப் பணமும் அதே ரகம். பங்குக்குப் பணம் கட்டிவிட்டு ஒதுக்கீடு வராமல் பல மாதம் ‘முன்பணம்’ என்று ஏட்டில் கிடக்கும். தனியார் ஒதுக்கீட்டில் 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் 60ஆவது நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி. அந்த வட்டி உங்கள் உரிமை. உறவுக்காரர் கம்பெனி என்பதற்காகக் கேட்காமல் விட்டால், மறுபக்கம் அவர்களுக்கும் அது அனுமதியற்ற டெபாசிட் ஆகும் ஆபத்து இருக்கிறது.

186ஆவது பிரிவின் வரம்பையும் முதலீடு செய்வதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். மூலதனமும் தடையற்ற இருப்பும் (ஈவுத்தொகையாகப் பகிரக்கூடிய சேர்த்துவைத்த லாபம்) பங்கு முனைமமும் (முகமதிப்புக்கு மேல் பெற்ற தொகை) சேர்ந்த தொகையில் 60 சதவீதம், அல்லது தடையற்ற இருப்பும் முனைமமும் சேர்ந்ததில் 100 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. மூலதனம் 1 கோடி, இருப்பு 4 கோடி, முனைமம் இல்லை என்றால் வரம்பு 4 கோடி. கொடுத்த கடனும் உத்தரவாதமும் முதலீடும் எல்லாம் சேர்ந்துதான் இந்த வரம்பு. தாண்டினால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும் போர்டு கூட்டத்தில் வந்திருக்கும் எல்லா இயக்குநரும் சம்மதிக்க வேண்டும். சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. கடன், உத்தரவாதம், முதலீடுகளுக்கான எம்பிபி-2 பதிவேட்டில் ஏழு நாளுக்குள் பதிய வேண்டும்.

பழைய காகிதப் பங்குகள் வைத்திருப்பவர்கள் உடனே ஒரு வேலை செய்ய வேண்டும். பட்டியலிட்ட கம்பெனியின் பங்கை 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகித வடிவில் மாற்ற முடியாது. ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகை கேட்கப்படாமல் இருந்தால் பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ஐஇபிஎஃப்-5 படிவம் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஆனால் கையெழுத்து மாறியது, கம்பெனி முகவரி மாறியது என்று ஒவ்வொன்றும் இழுக்கும். தங்கசாலைத் தெரு முகவரியில் வாங்கிய பங்கு, அலுவலகம் மாதவரத்துக்கு மாறிய பிறகு என்ன ஆனது என்று தேடாத கம்பெனிகள் உண்டு.

இனி மற்ற நீண்டகாலச் சொத்துகள். இவற்றில் ராயபுரத்திலும் கொண்டித்தோப்பிலும் வாடகைக்கு விட்டிருக்கும் கிடங்குதான் முக்கியம். உங்கள் தொழிலுக்கு நீங்கள் பயன்படுத்தாமல் வாடகைக்காக வைத்திருக்கும் கட்டடம் முதலீட்டுச் சொத்து. அது நிலையான சொத்துகளின் பட்டியலில் வரக் கூடாது. நடப்பல்லாத முதலீடுகளின் கீழ் முதல் இனமாக வர வேண்டும். வாங்கிய விலையில் எழுதித் தேய்மானமும் போட வேண்டும். ‘முதலீடு, ஆகவே தேய்மானம் இல்லை’ என்று எழுதியதைப் பல முறை பார்த்திருக்கிறோம். நிலத்துக்கு இல்லை, கட்டடத்துக்கு உண்டு. ஒரே விலைக்கு இரண்டையும் வாங்கியிருந்தால் மதிப்பீட்டாளரைக் கொண்டு பிரித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கம்பெனியின் பெயரில் இல்லாத நிலமும் கட்டடமும் தனி அட்டவணையில் வர வேண்டும்: யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து, ஏன் மாறவில்லை என்ற விவரங்களோடு. கூட்டாண்மை நிறுவனம் கம்பெனியாக மாறிய பிறகும் பத்திரம் பழைய பங்குதாரர்களின் பெயரிலேயே இருப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். அதை மறைக்காமல் காட்டுங்கள். காட்டிவிட்டு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை எடுத்தவர்கள், முன்பணமாகக் கட்டிய தொகையைச் சொந்த நிலம்போல அப்படியே வைத்திருக்கக் கூடாது. ரூ. 1.98 கோடி கட்டியிருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் செலவில் போக வேண்டும். மின் வாரியத்தில் கட்டிய வைப்புத்தொகையும் துறைமுகத்தில் கட்டியதும், 2021 ஏப்ரல் முதல் ‘நீண்டகாலக் கடன்கள், முன்பணங்கள்’ தலைப்பிலிருந்து ‘இதர நடப்பல்லாத சொத்துகள்’ தலைப்புக்கு மாறிவிட்டன. சுங்கத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்க வைத்த நிரந்தர வைப்பும், முதிர்வு 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அதே தலைப்பில் வரும்; ரொக்க இருப்பில் சேர்த்து நடப்பு விகிதத்தை அழகாகக் காட்டாதீர்கள்.

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தேய்மானத்தில் தனிக் கவனம் வேண்டும். கம்பெனி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 ஆண்டும் பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டும் சொல்கிறது. உப்புக்காற்றில் கூரைத் தகடு ஆணி ஓட்டையைச் சுற்றித் துருப்பிடிக்கத் தொடங்கி, தகடு மடிப்பு வழியே உதிர்ந்துவிடும். அதற்கு 30 ஆண்டு ஆயுள் போடுவது உண்மைக்குப் பொருந்தாது. கூரையைத் தனிப் பாகமாகப் பிரித்துக் குறைந்த ஆயுள் போடலாம். பொறியாளரின் எழுத்துச் சான்று வாங்கி, காரணத்தைக் குறிப்பில் சொன்னால் போதும். புதுக் கூரை போடும்போது பழைய கூரையின் மீதி ஏட்டு மதிப்பை நீக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒரே கட்டடத்துக்கு ஏட்டில் இரண்டு கூரை இருக்கும்.

ஒவ்வொரு நிதியாண்டின் ஜனவரியிலேயே உங்கள் கணக்கரிடம் ஐந்து காகிதங்களைக் கேளுங்கள்: எல்லா முதலீட்டுக்கும் டிமேட் அறிக்கை அல்லது பங்குச் சான்றிதழின் நகல், ஒவ்வொரு பங்குதாரர் ஒப்பந்தத்திலும் வாக்கு, இயக்குநர் இடம், வெளியேறும் விலை பற்றிய பக்கங்கள், முதலீடு செய்த கம்பெனிகளின் கடைசித் தணிக்கை அறிக்கை, 186இன் வரம்புக் கணக்கு, எம்பிபி-2 பதிவேடு. அசோசியேட் இருந்தால் அதன் கணக்கு மே மாதத்துக்குள் கைக்கு வரும்படி இப்போதே எழுதிக் கேளுங்கள். செப்டம்பர் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தக் கணக்கு வந்தால், அதில் உள்ள பிழையைக் கேட்கவும் நேரம் இருக்காது. தயாராக இல்லை என்று அவர்கள் சொன்னால், தணிக்கை ஆகாத கணக்கை வைத்து ஒருங்கிணைக்க நேரிடும். உங்கள் ஆடிட்டர் அதைத் தன் அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும். அப்போது வருத்தப்பட்டு எங்களிடம் கேட்பதில் பயனில்லை.

இப்படிக்கு,
மண்ணடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலிப் பகுதிகளில்
கணக்கும் தணிக்கையும் பார்க்கும் தொழில்முறையினர்